தூக்காத வீடு

என் வீட்டுக்காரர் வீடு தூக்குகிறவர். இதை வெளியாள் யாரிடமாவது சொன்னால் ஒரு கணம் என் முகத்தையே பார்ப்பார்கள். வீடு கட்டுகிறவர் தெரியும், வீடு விற்கிறவர் தெரியும், பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுகிறவரைக்கூட ஒரு மாதிரி தெரியும். தூக்குகிறவர் என்றால் என்ன கணக்கு? நான் விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். எங்கள் பகுதியில் அந்தச் சிக்கல் இல்லை. "ஜாக்கி வீடு எது?" என்று கேட்டால் பால் போடுகிறவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கை காட்டுவார்கள். தெருவின் மேட்டு முனையில், மூச்சு வாங்க ஏற வேண்டிய படிக்கட்டும் இளம்பச்சை முன்சுவருமாக நிற்கிறதே, அதுதான்.

ஜாக்கி என்பது ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. இளவயதில் அவருக்கு லாரி ஷெட்டில் வேலை. நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, ஜாக்கி போட்டுத் தூக்குவது, சக்கரத்தைக் கழற்றுவது, மாட்டுவது, இறக்குவது. ஒரு நாள் ஷெட் முதலாளியின் வீட்டைத் தூக்க வெளியூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். ஆள் பற்றவில்லை என்று முதலாளி இவரை அனுப்பிவைத்தார். போனவர் ஷெட்டுக்குத் திரும்பவே இல்லை. "லாரியும் பாரம், வீடும் பாரம். வீடு ஓடாது, அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரே நகைச்சுவையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் சில வருஷம் சிரித்தேன்.

வேலை என்னவோ சுத்தமான வேலை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் பேச்சே கிடையாது. சின்னச் சுத்தியலை எடுத்துச் சுவரின் அடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். கெட்டியாகச் சத்தம் வந்தால் வேலையை ஒப்புக்கொள்வார். பொத்பொத்தென்று வந்தால், "இது தண்ணியில ஊறின சுவர், தூக்கினா நிக்காது" என்று சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார். எவ்வளவு பெரிய ஆள் கெஞ்சினாலும் அதில் மாற்றம் இல்லை. ஒப்புக்கொண்ட பிறகு, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டம் செருகி, அதற்கடியில் வரிசையாக ஜாக்கிகளை நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை ஜாக்கி என்று பொறுப்பு. இவர் நடுவில் நின்று விசில் ஊதுவார். ஒரு விசிலுக்குக் கால் திருகு. எல்லாரும் ஒன்றாகத் திருக வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு அரைத் திருகு திருகினால் போச்சு, சுவரில் கீறல் விழும்.

சுவரும் கூரையும் கதவும் ஜன்னலும் மேலே போகும், தரை அப்படியே கீழே கிடக்கும். பிறகு மண் கொட்டி நிரப்பிப் புதுத்தரை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வேலை ஆரம்பிக்கும்போது ஜன்னல் திட்டில் ஒரு டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைப்பார். வேலை முடியும் வரை ஒரு சொட்டு வெளியே சிந்தக் கூடாது, அது அவருடைய கௌரவம். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதெல்லாம் மற்றவர்களைத் திருப்திப்படுத்த, அவர் பார்ப்பது டம்ளரைத்தான். தளும்பாத மனிதர் என்று ஊரில் பேர். வீட்டிலும் அப்படித்தான், குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. உயர்த்திப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று கேட்டால் அதற்கும் எங்கள் நகரத்தைத்தான் கும்பிட வேண்டும். நகரம் வளர்கிறது, வளர்கிறது என்று பத்திரிகையில் போடுகிறார்கள். பக்கவாட்டில் மட்டுமா வளர்கிறது, கீழேயிருந்தும் வளர்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போடுவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று ஒரு ஆளுக்கும் தோன்றாது. அதன் மேலேயே ஒரு அடுக்கு, அதன் மேல் இன்னொரு அடுக்கு. தெருவுக்கு மேலே இருந்த வாசற்படி தெருவுக்குச் சமமாகி, பிறகு தெருவுக்குக் கீழே போய்விடும். மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் கட்டினார்கள், அதையும் தெருவை விட உயரமாகக் கட்டினார்கள். தெருத்தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் வாய்க்கால் தண்ணீர் தெருவுக்கு வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய தாழ்ந்த வெளி ஒன்று இருந்தது. நாணல் முளைத்துக் கிடக்கும், மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத் தண்ணீர் முழுக்க அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். லாரி லாரியாக மண்ணடித்து அதை மேடாக்கி அடுக்குமாடிக் கட்டடங்களை நிறுத்தினார்கள். படுத்துக்கொள்ள இடம் இல்லாத தண்ணீர் எங்களைத் தேடி வந்தது.

முதலில் வாசலில் மணல் மூட்டை வைத்தோம். பிறகு வாசற்படியில் ஒரு வரிசை செங்கல் ஏற்றினோம். அதன் பிறகுதான் இவர் எங்கள் வீட்டைத் தூக்கினார், தெருவிலேயே முதல் வீடாக. தெருவே வேடிக்கை பார்த்தது. நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருக்க, விசில் சத்தத்துக்கு வீடு என்னோடு மேலே போயிற்று என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான் நின்ற தரை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பெருமைப்படுகிறவள் அதையெல்லாம் பார்ப்பாளா?

அடுத்த மழையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான், "உங்க வீட்டை விட அரை அடி கூட வேணும் ஜாக்கி." அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் அவரை விட அரை அடி கேட்டார். இப்படியே தெருவில் ஒருவரை ஒருவர் விஞ்சிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் தாழ்ந்துபோவதா என்று இவர் எங்கள் வீட்டை இரண்டாம் தடவையும் தூக்கினார். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட இதுதானே மாதிரி வீடு. என் முட்டிவலி அந்தப் படிக்கட்டோடுதான் ஆரம்பமாயிற்று. மூலை வீட்டுத் தாத்தா ஒருவர், படி ஏற முடியவில்லை, கொஞ்சம் இறக்கித் தர முடியுமா என்று இவரிடம் கேட்டாராம். இந்தத் தொழிலில் இறக்குவது என்பதே கிடையாது என்று இவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது எனக்கு அந்தத் தாத்தாவின் பேரில் தனி மரியாதை.

இனி என் நாத்தனாருக்கு வருகிறேன். எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. நான் வைத்த குழம்பில் உப்பு இருக்கிறதா என்று அவள் கேட்கும் விதமே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அவள் இவருக்கு ஒரே தங்கை. அவள் கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் நல்ல வெயிலில்தான் வருவார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரின் மேலேயே மிதக்கிற மனிதருக்குத் தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவள் வீட்டின் முன் அறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தையலில் கெட்டிக்காரி. காலர் மடிப்பைப் பார்த்தே இது அவள் கை என்று சொல்லிவிடலாம்.

அந்த வீட்டை அவள் தானாகத் தேடி வாங்கவில்லை. எங்கள் தெருவின் பள்ள முனையில் ஒரு மனை வந்தபோது, தங்கை பக்கத்திலேயே இருக்கட்டும் என்று இவர்தான் பிடித்துக் கொடுத்தார். அவள் தயங்கினாள். தரை தாழ்வாக இருக்கிறதே அண்ணா, மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன்.

"தாழ்வா இருக்கிறதாலதானே மலிவா கிடைக்குது. நீ கட்டு. தூக்குறதுக்கு நான் இல்லையா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். பல் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்குப் பல்வலி பயமா என்று நான்கூட ஏதோ சொன்னேன். அவள் கையில் இருந்ததை வைத்து, சிமெண்ட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டாள்.

முதல் மழையில் கணுக்கால் தண்ணீர் வந்தது. அடுத்த மழைக்குள் தூக்கிவிடலாம் என்றார். அடுத்த மழைக்கு முன்னால் ஜாக்கிகள் எல்லாம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அடியில் இருந்தன. அதற்கடுத்த வருஷம் ஒரு வக்கீல் வீட்டுக்கு அடியில். வெளியாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், நம் வீடு எங்கே ஓடிப்போகிறது என்பார். இதுவரைக்கும் நானும் ஒத்துக்கொள்வேன். ஊருக்குத் தைத்துக் கொடுப்பவள் வீட்டுக் கொடியில் கிழிந்த துணி தொங்குவது உலகத்தில் இல்லாத விஷயமா? அவளும் பொறுத்துப் பார்த்தாள். ஒரு தடவை வேறு ஒரு கான்ட்ராக்டரை வரவழைத்து வீட்டைக் காட்டினாள். இவருக்குத் தெரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. ஜாக்கியின் தங்கை வீட்டுக்கு வெளியாள் ஜாக்கி வைத்தான் என்றால் நாளைக்கு என்னை எவன் கூப்பிடுவான் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள்தான் இறங்கி வந்தாள், வேறு யாரையும் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிச் சமாதானம் செய்தாள்.

வருஷம் போகப்போகத் தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் மண் நிரப்பி மேடாகிவிட்டன. முன்பு ஆளுக்குக் கொஞ்சம் என்று எல்லார் வாசலிலும் நின்ற தண்ணீர், இப்போது வழுக்கிக்கொண்டு பள்ள முனைக்குப் போயிற்று. கணுக்கால் முழங்காலாயிற்று. ஒவ்வொரு மழையும் அவள் வீட்டுச் சுவரில் ஒரு பழுப்புக்கோடு போட்டுவிட்டுப் போகும். கோட்டுக்கு மேல் கோடு. மழைக்காலம் வந்தால் அவள் மகள் புத்தகப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் மட்டும் மெஷினோடு அங்கேயே கிடப்பாள்.

வாடிக்கையாளர்களை இவர் அழைத்து வரும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் எங்கள் வீடு. படி ஏற்றி உள்ளே கூட்டி வந்து சுவரையும் தரையையும் காட்டுவார், கீறல் இருந்தால் கண்டுபிடியுங்கள் என்பார். பிறகு, "வாங்க, இன்னொரு வீடும் பார்த்துடலாம்" என்று தெருவில் இறங்கி நடத்திக்கொண்டு போவார். தங்கை வீடு. அவள் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலி போடுவாள், டீ கொண்டுவருவாள். இவர் அந்தப் பழுப்புக்கோடுகளுக்கு நேரே நின்றுகொள்வார். ஒன்றும் விளக்க மாட்டார். வந்தவர்கள் கோட்டைப் பார்ப்பார்கள், தங்கள் முழங்காலைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் அவள் வீட்டில் டீ குடித்து முடிப்பதற்குள் எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்பார்கள். தங்கையையும் பார்த்தது மாதிரி ஆகும் என்று போகிறார், பாசக்காரர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெகுளி நான்.

எனக்கு உறைத்தது பெயின்ட் விஷயத்தில்தான். ஒரு வருஷம் மழை முடிந்ததும் அவள் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி வந்தாள், இளம்பச்சை. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே தைக்க முடியவில்லை, துணி கொடுக்க வருகிறவர்களும் முகம் சுளிக்கிறார்கள் என்றாள். இவர் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படியும் தூக்கத்தான் போகிறோம், அப்போது சுவர் பூச்சு எல்லாம் உதிரும், இப்போது அடிப்பது வீண் என்றார். டப்பா இங்கே இருந்தால் அடுத்த மழையில் நனையும் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். கொஞ்ச நாளில், சும்மா கிடந்தால் காய்ந்துவிடும் என்று எங்கள் முன்சுவருக்கு அடித்துவிட்டார். மாதிரி வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? நிறம் நன்றாக இருக்கிறது என்று தெருவில் நான்கு பேர் சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன். அவள் சுவரை ஏன் அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்றேன். மறைக்கத் தெரியாதவர், அல்லது என்னிடம் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தவர்.

"அந்தச் சுவரைப் பார்த்தாத்தான் நம்புறாங்க. நான் ஆயிரம் சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க" என்றார். பிறகு அவரே, "அடுத்த வருஷம் முதல் வேலையே அதுதான்" என்றார்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவினார், நன்றாகத் தூங்கினார். கெட்ட எண்ணம் உள்ளவராக இருந்தால் தூக்கம் வந்திருக்காது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தத் தூக்கம்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

அடுத்த வருஷம் பின்பக்கத்தில் இன்னொரு அடுக்குமாடி வந்தது, தெருவுக்கு இன்னொரு அடுக்கு ரோடும் வந்தது. ஜாக்கிகள் ஊரின் மறுகோடியில் ஒரு மாடி வீட்டுக்கு அடியில் இருந்தன. மழை வந்தது. மதியம் பிடித்தது விடவே இல்லை. இவரால் அங்கிருந்து நகர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதி தூக்கிய வீடு அந்தரத்தில் நிற்கிறது, அடி மண் இளகினால் ஜாக்கி சாயும், குடும்பத்தோடு வீடு கீழே வரும். அவர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் அந்த வீடு அன்றைக்கு ஜாக்கியின் மேல் நின்றதும், தங்கை வீடு அதன் மேல் ஏறாமலே போனதும் மழை செய்த வேலை இல்லையே.

எங்கள் படிக்கட்டில் நின்று பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். மேலிருந்து கீழே வரைக்கும் எல்லார் வராந்தாவிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், எல்லாரும் நனையாமல் நின்றார்கள். எல்லார் வாசலிலிருந்தும் தண்ணீர் இறங்கி ஒரே பக்கமாக ஓடியது. பக்கத்து வீட்டம்மா கையில் டீயோடு நின்றுகொண்டு, நல்லவேளை நாம தூக்கிட்டோம் என்றாள். அவளை நான் திட்டவில்லை. திட்டினால் என் படிக்கட்டையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தேன். பாதித் தெருவிலேயே தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. அவள் வீட்டுக்குள் இடுப்புக்கு மேல். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முழுக்க முழுக்கத் தைத்து, இஸ்திரி போட்டு, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த சீருடைகள். அவற்றை முதலில் கட்டிலில் ஏற்றியிருக்கிறாள், கட்டிலுக்குத் தண்ணீர் வந்ததும் மேஜையில், மேஜைக்கும் வந்ததும் மேஜையின் மேல் நாற்காலி போட்டு அதில். அந்த நாற்காலியும் சரிந்துவிட்டது. நான் போகும்போது கடைசிக் கட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். வைக்க இடம் இல்லை. மற்றவை எல்லாம் சேற்றுத் தண்ணீரில் உப்பி மிதந்தன.

வா போகலாம் என்றேன். அண்ணன் வந்திடுவாரு அண்ணி, போன் பண்ணியிருக்கேன் என்றாள். வர மாட்டார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தலையில் இருந்த கட்டை இறக்கித் தண்ணீரில் விட்டாள். மெஷினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு என்னோடு நடந்தாள். இரண்டு பக்க வராந்தாவிலும் இருந்தவர்கள் பார்த்து நடங்கம்மா, பள்ளம் இருக்கு என்று வழி சொன்னார்கள். வழி சொல்ல எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் துண்டு கொடுத்தேன், டீ கொடுத்தேன். அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பொறுக்க மாட்டாமல் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி. பெயின்ட் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கே தெரியும்."

அப்புறம் ஏன் அவரைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாரு. அப்புறம் நான் அதையும் நம்பணும்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. துணியை எண்ணெயில் தோய்த்து ஊசி இருக்கும் இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் அவள் என் குழம்பில் உப்பைக் குறை சொன்னதையெல்லாம் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆயிற்று. இவர் தூக்கிய மாடி வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, டம்ளர்கூடத் தளும்பவில்லையாம். ஊரெல்லாம் அதே பேச்சு. அவ்வளவு மழையில் ஒரு வீட்டை அந்தரத்தில் காப்பாற்றினார் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். அந்த வாரமே ஒரு டாக்டரம்மாவையும் அவர் கணவரையும் அழைத்து வந்தார். முதலில் எங்கள் வீடு. பிறகு படி இறங்கினார்கள். அங்கே இப்போது வேண்டாம் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். எட்டிப் பார்த்துட்டு வந்துடறோம் என்றார். நானும் கூடவே போனேன்.

அவள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்தாள், நாற்காலி இல்லாததால் தலைகீழாகக் கவிழ்த்த பெட்டியைப் போட்டாள், எப்போதும் போல டீ கொடுத்தாள். புதுக்கோடு என் மார்புக்கு நேரே இருந்தது, இன்னும் ஈரமாக. டாக்டரம்மா கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மற்றவர்கள் யாரும் இத்தனை வருஷமாகக் கேட்காததை அவர் கேட்டார்.

"இவர் உங்க சொந்த அண்ணன்தானே? அப்ப ஏன் உங்க வீட்டைத் தூக்கலை?"

இவர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, விருந்தாளிக்குப் பதில் சொல்வது மாதிரித்தான் சொன்னாள்.

"என் வீட்டையும் தூக்கிட்டா, அண்ணன் உங்களுக்கு எதைக் காட்டுவாரு?"

டாக்டரம்மா டீயைப் பாதியில் கீழே வைத்தார். அவர்கள் போன பிறகும் இவர் அங்கேயே நின்றார். மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், தெருவில் லாரி நிற்கிறது. வேலை முடிந்த மாடி வீட்டிலிருந்தும் கிடங்கிலிருந்தும் தன்னிடம் இருக்கிற அத்தனை ஜாக்கிகளையும் ஏற்றி வந்திருந்தார். ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தவர்களிடம் எல்லாம் போன் செய்து, தங்கச்சி வீடு முடிஞ்சாத்தான் மத்தது என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. எல்லாரையும் விட ஒரு அடி உயரமாகத் தூக்குகிறேன் என்றார். அவள் உள்ளே போய் மிச்சம் இருந்த பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவள் நம்பிவிட்டாள் என்று பட்டது.

எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஊரில் உள்ள எல்லார் வீட்டுச் சுவரையும் முதல் நாளே தட்டிப் பார்க்கிற மனிதர், தங்கை வீட்டுச் சுவரை ஒரு நாளும் தட்டிப் பார்த்ததில்லை.

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சின்னச் சுத்தியலை எடுத்து மூலையில் குனிந்தார். தட்டினார். பொத். இரண்டடி தள்ளித் தட்டினார். பொத். வாசல் பக்கம், பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே என்று வீட்டைச் சுற்றி வந்தார், வரவர வேகமாக. ஒரு இடத்தில் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு விரலால் சுரண்டினார். கலவை ஈரமணலாக உதிர்ந்தது. ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தார், அது கையோடு வந்தது. அதைத் திரும்பவும் அந்த ஓட்டைக்குள் பொருத்திவைக்கப் பார்த்தார், உட்காரவில்லை. ஜாக்கிகளை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் கையில் ஒரு பானையோடு வாசலுக்கு வந்து, என்ன அண்ணா என்று கேட்டாள்.

அவர் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யார் யாருக்கோ எத்தனையோ முறை சொன்ன வாக்கியம்தான், அன்றைக்கு அவருக்கு வாயில் வரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சுவர் ஊறிப்போச்சும்மா. தூக்கினா நிக்காது."

அவள் சுவரைப் பார்த்தாள். பானையைக் கீழே வைத்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா பெயின்ட் அடிச்சுக்கலாமா அண்ணா? இப்பவாவது?"

அவர் முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கம்தான் தெருவின் மேட்டு முனை. அங்கே எங்கள் வீடு உயரமாக, ஒரு கறை இல்லாமல், அவள் வாங்கிய இளம்பச்சையில் நின்றுகொண்டிருந்தது.